குழியிலிருந்து தெரிந்தது

என் வீட்டுக்காரரைப் பட்டறையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குழியார் என்பார்கள். லாரியை மேலே நிறுத்திவிட்டு அடியில் நின்று வேலை பார்ப்பதற்காக, வாசல் ஷட்டரை ஒட்டியே தரையில் நீளமாக, ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டியிருக்கும். அதற்குள் இருபத்திரண்டு வருடம் நின்றவர் அவர். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து அப்படியே நின்றுவிட்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டைப் பார்க்கமாட்டார், கூரையைத்தான் பார்ப்பார். "சமைச்சவ இங்க உக்காந்திருக்கேன், பல்லிகிட்ட என்ன ருசி கேக்குறீங்க?" என்று கல்யாணமான புதிதில் சண்டை போட்டிருக்கிறேன்.

குழியில் நிற்பவருக்குத் தரைதான் கண்மட்டம். சக்கரங்களுக்கு நடுவே தெரிவதெல்லாம் கால்கள். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, காலை வைத்தே ஆளைச் சொல்வார். செருப்பை மாற்றினாலும் ஏமாற்ற முடியாது. ஒருமுறை முதலாளி, யார் வேலை செய்கிறார்கள், யார் ஏய்க்கிறார்கள் என்று வேவு பார்க்க ஒரு டிரைவரின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பூனை மாதிரி வந்திருக்கிறார். "வாங்க முதலாளி, செருப்பு கடிக்குதா?" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்ததும் பட்டறையே சிரித்துவிட்டது. என் காலையும் விடமாட்டார். "இன்னைக்குக் குதிகால் தரையில படல. யாரை அடிக்கப் போற?" என்பார்.

அவர் கேட்பதும் சரிதான். எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். அதே பட்டறையின் உள்மூலையில் லாரி சீட்டுகளுக்கு உறை தைக்கிறவள் நான். தடித்த ரெக்சினை இழுத்து இழுத்துத் தைத்துக் கை இரும்பாகிவிட்டது. அந்தக் கையால் டிரைவர்கள் இரண்டு பேரை அறைந்திருக்கிறேன், கட்டிய புருஷனையும் அறைந்திருக்கிறேன். அவர் திருப்பி அடித்ததில்லை. சண்டைச் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறவர். பட்டறையில் யாராவது சட்டையைப் பிடித்துக்கொண்டால் இவர் மெல்லக் குழிக்குள் இறங்கிவிடுவார். மற்றவர்கள் கோழை என்றார்கள். நான் சாது என்று சொல்லிக்கொண்டேன்.

என் தம்பி அப்படியே என் அச்சு. அம்மா சாகும்போது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினான்கு. ஊட்டி வளர்த்தவள் நான். வளர்ந்து லாரி டிரைவர் ஆனான். எங்கள் பக்கத்து லாரிகளுக்குச் சரக்குப் பிடித்துத் தரும் தரகர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் தரகர்தான். பேரைச் சொன்னால் என் வாய் நாறும், வேண்டாம். பிரேக் தேறாது, வண்டியை எடுக்காதீர்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லி நிறுத்திவைத்த ஒரு லாரியை, "போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்று தரகர் சரக்கேற்றி அனுப்பிவைத்தார். ஓட்டிப்போனவன் தம்பியின் சிநேகிதன். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அவனைச் சாக்கில் அள்ளித்தான் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் லாரிகள் நிற்கிற இடத்தில், நாற்பது பேர் நடுவில், தம்பி தரகரைப் பிடித்து மூக்கு உடைய அடித்தான். இரண்டு பல் தெறித்தது. "பிரேக் பிடிக்கலைன்னா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம். கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. தரகர் மண்டியிட்டு எழுந்தார் என்று யாரோ சொல்ல, அதை நான் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

ஏழு மாதம் தரகர் பல் கட்டிக்கொண்டு எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். எட்டாவது மாதம் ஒரு மதியம், பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். நூல் தீர்ந்துபோய் நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் லாரிக்கு அடியில், குழியின் குளிர்ச்சியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். விளக்கை அணைத்திருந்ததால் உள்ளே ஆள் இருப்பது யாருக்கும் தெரியாது. அப்போது தெருவில் மூன்று பேர் தம்பியை விரட்டி வந்தார்கள். தலையில் ஹெல்மெட், கையில் கத்தி. தம்பி பட்டறையைப் பார்த்து ஓடி வந்தான். அவன் வாசலுக்கு வரவும், இரும்பு ஷட்டர் உள்ளேயிருந்து சடசடவென்று இறங்கவும் சரியாக இருந்தது. மூடிய ஷட்டரோடு சேர்த்து அவனை வெட்டினார்கள்.

நான் திரும்பி வந்தபோது கையில் ஆறு நூல்கண்டு இருந்தது. அவற்றை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. தம்பியின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியதும், அதைப் பிடித்து நேராக வைக்கப் பார்த்ததும், அது என் கையில் நிற்காததும் தெரியும். ஷட்டரின் மேல்வரை ரத்தம் தெறித்திருந்தது. என் ரவிக்கைக்குள் ஓடிய ரத்தம் சூடாக இருந்தது.

வெட்டிய மூன்று பேரையும் இரண்டே நாளில் பிடித்துவிட்டார்கள். ஏவியவன் பேரைச் சொல்லமாட்டோம் என்று வாயை இறுக்கிக்கொண்டார்கள். அன்றைக்குத் தான் பட்டறைப் பக்கமே வரவில்லை என்று தரகர் சாதித்தார். ஆனால் ஷட்டரை இறக்கியது யார் என்று தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். வெட்டு நடந்த அன்று மாலையே நடுங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"தரகர்தான். வலது கால்ல சுண்டு விரல் பக்கத்து விரல் மேல ஏறி உக்காந்திருக்கும். சத்தம் கேட்டு எந்திரிச்சுப் பாத்தா, அந்தக் கால்தான் ஷட்டர்கிட்ட நின்னுச்சு. அப்புறம் பின்வாசலுக்குப் போச்சு. நான் பாத்தேன்."

இன்ஸ்பெக்டரிடமும் அதையே சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு, "முகத்தைப் பாக்கல, காலைப் பாத்தேன்றீங்க. கோர்ட்ல சிரிப்பாங்கய்யா" என்றார். ஆனாலும் அதை வைத்துத் தரகரையும் வழக்கில் சேர்த்தார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தரகர் சிறைக்குப் போக வேண்டும், அங்கேயே கிழடாகிச் சாக வேண்டும். அதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் என் வீட்டுக்காரரின் தலைக்குள் இருந்தது.

அதற்குள் படம் வந்துவிட்டது. எதிரே டைல்ஸ் கடை மாடியில் இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. நாற்பத்தொரு வினாடி. ஷட்டருக்கு வெளியே நடந்தது முழுவதும் மேலேயிருந்து தெரியும். உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. மறுநாளைக்குள் அது ஊரில் உள்ள எல்லா போனுக்கும் போய்விட்டது. எனக்கே பதினேழு பேர் அனுப்பினார்கள், தம்பியை இழந்தவளுக்கு ஆறுதலாக! ஊமைப் படம் என்பதால் ஆளாளுக்கு ஒரு பாட்டைச் சேர்த்திருந்தார்கள். ஒருவன் சோகப் பாட்டு, ஒருவன் அடிதடிப் பாட்டு. டைல்ஸ் கடைக்காரர் படத்தின் மூலையில் தன் கடைப் பேரைப் போட்டுக்கொண்டார். எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம். நான் போய் அவர் கடைக் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டு வந்தேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அரசு வக்கீல் என்னைக் கூப்பிட்டு, "சாட்சி திக்கக் கூடாதும்மா. உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பயப்படுறார். கேள்வி கேட்டா உளறிடுவார். கொஞ்சம் தயார் பண்ணுங்க" என்றார். தயார் பண்ணு என்றால் எனக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை, சாயங்காலம் வந்ததும் ஒருமுறை, அந்தப் படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். முதல் நாள் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் காட்டினேன். கண்ணை மூடினால் கையில் கிள்ளினேன்.

"முதல் வெட்டு யாரு?"

"சிவப்பு ஹெல்மெட்."

"எங்க?"

"தோள்ல."

"எந்தத் தோள்? ஒழுங்கா சொல்லுங்க!"

"இடது தோள்."

தப்பாகச் சொன்னால் அடி விழும். என் தம்பி வெட்டுப்பட்டதை நான் வாய்ப்பாடு மாதிரி கேட்டு வாங்கினேன். வெறி பிடித்தவளுக்கு என்ன தெரியும்? இந்த மனிதர் கோர்ட்டில் திக்கினால் தரகர் வெளியே வந்துவிடுவார், அது மட்டும்தான் தெரியும்.

மூன்று மாதத்தில் வாந்தி நின்றது. ஆறு மாதத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் அளவுக்கு வந்துவிட்டார். கூரையை விட்டுவிட்டு போனைப் பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு நான் காட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. குழிக்குள் நின்றுகொண்டு அவராகவே பார்த்தார். டீ குடிக்கிற நேரத்தில் டிரைவர்கள் சுற்றி உட்கார்ந்து, "குழியாரே, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், முன்பெல்லாம் எழுந்து போய்விடுகிற ஆள், இப்போது கையை வீசி வீசிக் கதை சொன்னார். "சிவப்பு இப்படி வர்றான், நீலம் பின்னால வளைக்கிறான்..." தண்ணீர் பட்ட பாடு. நடுங்கவே இல்லை. நான் தையல் மெஷினில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு, என் புருஷனை ஆம்பளையாக்கிவிட்டேன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தும் கவனிக்காமல் விட்டேன். கால்களை அவர் தவறவிடத் தொடங்கியிருந்தார். குழிக்குப் பக்கத்தில் நின்ற முதலாளியைப் புதிதாக வேலைக்கு வந்தவன் என்று நினைத்து, "டேய், அந்த ஸ்பானரை எடு" என்றார். இன்னொரு நாள் நான் போய் நின்றேன். "யாரு?" என்றார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து ஒரு உதை விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து வழக்கு வந்தது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் முதலில் சாட்சி சொன்னார். பதினான்கு வெட்டு, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் என்று வாசித்தார். கடைசியில், வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கி எலும்பு நொறுங்கியிருந்தன, அது கத்தியால் ஆனதில்லை என்றார். எப்படி ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே விழுந்ததில் ஏதாவது ஆகியிருக்கும் என்று அரசு வக்கீல் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

பிறகு என் வீட்டுக்காரர் ஏறினார். அரசு வக்கீல் கேட்ட எல்லாவற்றுக்கும் தங்குதடையில்லாமல் பதில் சொன்னார். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல் இருந்தது. தரகரின் வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல். கத்தப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருக்க, அவர் பேரப்பிள்ளையிடம் பேசுவது போல ஆரம்பித்தார்.

"யார் எங்க வெட்டுனாங்கன்னு அழகா சொன்னீங்க. அந்த ஹெல்மெட்ல வேற ஏதாவது அடையாளம் ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. கருப்பு ஹெல்மெட்ல வெள்ளையா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது."

"முன்னாலயா, பின்னாலயா?"

"மேலங்க. உச்சில."

"சந்தோஷம். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"குழிக்குள்ள."

"ஷட்டர் திறந்திருந்துச்சா?"

"மூடியிருந்தது."

"அப்ப மூடின ஷட்டருக்கு அந்தப் பக்கம் நின்ன ஆளோட உச்சந்தலைய, தரைக்குக் கீழ இருந்து பாத்திருக்கீங்க."

என் வீட்டுக்காரர் விழித்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனின் முழி இல்லை அது. அவருக்கு உண்மையாகவே கேள்வி புரியவில்லை. "மேல இருந்து பாத்தேங்க" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மேல இருந்துன்னா?"

"மாடில இருந்து."

"நீங்க மாடிலயா இருந்தீங்க?"

"இல்லைங்க. குழியில இருந்தேன். ஆனா மாடில இருந்துதான் தெரியுது."

"சரி. அங்க இருந்து பாக்கும்போது தரகரோட கால் தெரியுதா?"

அவர் கண்ணை மூடினார். தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சொல்லு, சுண்டு விரல், சொல்லு என்று உதட்டைக் கடித்தேன். கண்ணைத் திறந்தார்.

"கால் தெரியலைங்க" என்றார்.

தரகர் குனிந்து, கட்டிய பல் தெரிய, தன் கைக்குட்டைக்குள் சிரித்தார். மீதி விசாரணை நாளைக்கு என்றார் நீதிபதி.

வீட்டுக்குப் போகும் வரைக்கும் நான் பொறுக்கவில்லை. கோர்ட் வெளிக்கதவிலேயே அவர் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். உடைந்ததைக் காலால் மிதித்தேன். அது போதாமல் அவரை அறைந்தேன், இரண்டு கையாலும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். அதையும் ஒருவன் படம் பிடித்தான்.

"அன்னைக்கு என்கிட்ட சொன்னியேய்யா! சுண்டு விரல் மேல ஏறியிருக்கும்னு சொன்னியே!"

"சொன்னேன். சொன்னது ஞாபகம் இருக்கு. பாத்தது ஞாபகம் இல்ல" என்றார். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "கண்ணை மூடுனா அந்த டைல்ஸ் கடை மாடிலதான் நிக்கிறேன். கீழ பட்டறை தெரியுது. அதுக்குள்ள நான் இருக்கேன்னே தோணல. நான் என்ன செய்ய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையும் மாலையும் கிள்ளிக் கிள்ளி அந்த மாடியில் இவரை ஏற்றிவிட்டவள் நான். தரகரின் காலை அழித்தது தரகர் இல்லை, அவர் வக்கீலும் இல்லை. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. அவரை அப்படியே பட்டறைக்கு இழுத்துப்போனேன். சாயங்காலம் ஐந்து மணி, எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் சாவி கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். குழிக்கு மேலே ஒரு லாரி நின்றிருந்தது. "இறங்குங்க. விளக்கைப் போடாதீங்க. அன்னைக்கு மாதிரியே படுத்து எந்திரிச்சு நில்லுங்க" என்றேன். பிள்ளை மாதிரி இறங்கினார். நான் ஷட்டருக்கு உள்ளே முன்னும் பின்னும் நடந்தேன். "தெரியுதா?" "உன் கால் தெரியுது." "தரகர் கால்?" "இல்ல." பின்வாசலுக்கு ஓடினேன், திரும்பி வந்தேன். "இப்ப?" "இல்ல." வெளியே போய் நின்றுகொண்டு ஷட்டரைச் சடசடவென்று இறக்கினேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இனி ஆகாது என்று தோன்றிவிட்டது. ஆத்திரத்தில் ஷட்டரை உதைத்தேன். பிறகு அவரை வெளியே கொண்டுவரலாம் என்று குனிந்து, அடிவிளிம்புக்குக் கீழே விரல்களைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். ஷட்டர் சிக்கிக்கொண்டது. விரல்களை இன்னும் உள்ளே நுழைத்து இழுத்தேன்.

உள்ளே அவர் அலறினார். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் அலறி நான் கேட்டதில்லை. எப்படியோ ஷட்டரைத் தூக்கிவிட்டு ஓடினேன். குழியின் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் முன்கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தார். பல் பதிந்து ரத்தம் முழங்கைக்கு வழிந்தது. இறங்கிப் போய் அவர் தாடையைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

"வந்துடுச்சா?"

தலையை ஆட்டினார்.

"காலு?"

"வந்துடுச்சு. எல்லாம் வந்துடுச்சு."

வேறு என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கால் போதும். அன்று அவர் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு வயிறாரச் சாப்பிட்டேன். அவர் தட்டைத் தொடவே இல்லை.

மறுநாள் தரகரின் வக்கீல் அதே மெல்லிய குரலில் தொடங்கினார். கால் ஞாபகம் இருக்கிறது என்று இவர் சொன்னதும், புன்சிரிப்போடு நீதிபதியைப் பார்த்தார்.

"நேத்து தெரியாத கால் இன்னைக்குத் தெரியுது. தரகர் உங்க பட்டறைக்குப் பல வருஷமா வர்றவர். அவர் கால் எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்பவும் தெரியும். சொல்லிக்கொடுத்தா யாரும் சொல்லலாம். சரி, நான் ஒண்ணு கேக்குறேன். நீங்க அன்னைக்கு அங்கதான் இருந்தீங்கன்னா, அந்த வீடியோல இல்லாத ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க பாப்போம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த வக்கீல் வாழ்நாளில் கேட்ட கேள்விகளிலேயே கேட்டிருக்கக் கூடாத கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்துப் பேசினார்.

"இருக்குங்க. ஷட்டர் முழுசா இறங்கல. கடைசி ஒரு சாண் இருக்கும்போது வெளிய இருந்து கையைக் கொடுத்துட்டான் மச்சான். வலது கை. நாலு விரல் உள்ள வந்துச்சு. தூக்கப் பாத்தான். தரகர் வலது காலைத் தூக்கி அந்த விரல் மேல மிதிச்சாரு. ஒரு தடவை இல்லைங்க. குதிகாலை வச்சுத் திருகித் திருகி மிதிச்சாரு. எலும்பு உடையிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்பவும் விரலை எடுக்கல அவன். அப்புறம் வெளிய வெட்டு விழ ஆரம்பிச்சுது. ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த விரல் துள்ளுச்சு. கடைசில அதுவா வெளிய போச்சு."

 நீதிபதி முன்னால் இருந்த கட்டைப் புரட்டி டாக்டரின் அறிக்கையை எடுத்தார். மூன்று விரல்கள் என்று எழுதியிருந்த இடத்தை அவர் விரலால் தொட்டதை நான் பார்த்தேன். கூண்டில் நின்ற தரகர் தன் வலது காலை மெல்ல இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதை நீதிபதியும் பார்த்தார்.

வக்கீலின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "இது வீடியோலயே இல்லையே!"

"இருக்காதுங்க. உள்ள நடந்தது."

"இவ்வளவு கிட்டப் பாத்திருக்கீங்க. அந்த விரல் உங்ககிட்ட இருந்து எவ்வளவு தூரம்?"

"கை நீட்டுனா எட்டும்."

"அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

அவமானப்படுத்துவதற்காகக் கேட்ட கேள்விதான் அது. தோற்கப்போகிறவன் ஒரு கல்லை விட்டெறிந்துவிட்டுப் போவதில்லையா, அப்படி. என் வீட்டுக்காரர் அதற்கும் பதில் சொன்னார்.

"ஒண்ணும் பண்ணலைங்க. ஸ்பானர் பக்கத்துலதான் கிடந்துச்சு. தரகர் ஒத்த ஆளு. நான் சத்தம் வெளிய வந்துடக் கூடாதுன்னு என் கையைக் கடிச்சுக்கிட்டுக் குழிக்குள்ளயே நின்னேன்."

தீர்ப்புக்கு இருபத்துமூன்று நாள் ஆயிற்று. அந்த இருபத்துமூன்று நாளில் நான் அவரோடு பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதைத் தினமும் சொன்னேன். தட்டை வைக்கும்போது சொன்னேன், துணியை எறியும்போது சொன்னேன், காரணமே இல்லாமல் அடுப்படியிலிருந்து வந்து நின்று சொன்னேன். "உங்களை நம்பித்தானே ஓடி வந்தான்."  வைத்ததைச் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். தூங்கும்போது அவர் கையைப் பார்ப்பேன். அந்தக் கையை ஸ்பானரால் நொறுக்கிப் போட்டால் என்ன என்று ஒருநாள் இல்லை, பல நாள் நினைத்தேன். அந்த விரல்களை எந்தக் கேமராவும் எனக்குக் காட்டவில்லை. ஆனாலும் பார்க்காத ஒன்றை நான் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெக்சினைத் தைக்கும்போது ஊசிக்கு அடியில் பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது ஏன் என்று இப்போது புரிந்தது. மாடியில் நிற்கிறவனுக்குக் கையை நீட்டும் வேலை இல்லை.

தரகருக்கும் மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை என்றார் நீதிபதி. தம்பியின் சிநேகிதர்கள் கத்திக் கொண்டாடினார்கள். என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், கோர்ட் சுவரோரம் சிமென்ட் பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன். வெயில் கொளுத்தியது. அவர் முகம் ஒரே மாதத்தில் கிழவன் முகமாகியிருந்தது. அத்தனை பேர் முன்னால், தன்னைக் கோழை என்று தானே சொல்லி, என் தம்பிக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தவர் இவர்தான் என்றும் தோன்றியது. அதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

"திட்டறதுன்னா திட்டிடு. அடிக்கறதுன்னாலும் அடி. அந்த ஒரே வார்த்தைய மட்டும் சொல்லாத" என்றார்.

"ஏன், பொய்யா? உங்களை நம்பித்தானே..."

 அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. இருபத்துமூன்று நாளும் எதையோ வாய்க்குள் அடக்கிவைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

"அந்தப் படத்துல சத்தம் இல்ல" என்றேன். "உங்களுக்குக் கேட்டிருக்கும். ஏதாவது சொன்னானா?"

"வேணாம், விடு."

"சொல்லுங்க."

"கேட்டு என்ன ஆகப்போகுது?"

"சொல்றீங்களா, இல்லையா?"

"'அக்கா, தொற'ன்னான்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நீ உள்ள தச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுட்டான். மெஷின் சத்தத்துல உனக்குக் கேக்கலைன்னு நினைச்சிருப்பான் போல, இன்னும் சத்தமா கூப்பிட்டான். விரலை மிதிக்கும்போதும் உன்னைத்தான் கூப்பிட்டான். என்னை ஒரு தடவகூடக் கூப்பிடல."

உள்ளேயிருந்து தரகரை வண்டியில் ஏற்றக் கொண்டுவந்தார்கள். கூட்டம் ஊளையிட்டது. யாரோ கல்லெறிந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், வந்து அவன் மூஞ்சியில் துப்பு என்று. நான் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை தடவ?" என்று அவரிடம் கேட்டேன்.

"நாலு" என்றார்.